மே மாதத்துக்கும் ரத்தம் வேண்டும்

(கடலூரில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

தம்பிகளே, தங்கைகளே, வணக்கம்.

அக்டோபர் 1, தேசிய தன்னார்வ ரத்ததான நாள் வந்துவிட்டால் கடலூரிலும் புதுச்சேரியிலும் கல்லூரிகளில் முகாம் களைகட்டிவிடுகிறது. உலக ரத்தக் கொடையாளர் நாளான ஜூன் 14, ஆகஸ்ட் 15 என்றாலும் அப்படித்தான். உங்கள் ஆர்வத்தைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. ஆனால் ஏப்ரல், மே? முதலில் தேர்வு, அப்புறம் விடுமுறை, விடுதிக்குப் பூட்டு. ரத்த வங்கியில் இருப்பு குறையத் தொடங்குவதும் அப்போதுதான். அந்த இரண்டு மாதத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

முகாமில் எடுத்ததைச் சேமித்து வைக்கலாமே என்பீர்கள். எடுத்த ரத்தத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துத்தான் வைப்பார்கள். சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள் வரை தாங்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கு (பிளேட்லெட்) ஆயுள் 5 நாள்தான், அதுவும் ஆடிக்கொண்டே இருக்கும் கருவியில் வைத்தால். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைத்தான் உறையவைத்து ஓராண்டு வைத்திருக்கலாம். ஒரே நாளில் முந்நூறு பேர் கொடுத்தால் பெருமைதான். இரண்டு வாரம் கழித்துத் தட்டணு தேவைப்படும் புற்றுநோய்க் குழந்தைக்கு அதில் ஒரு பை கூட மிஞ்சாது. நாளுக்கு ஒருவராக மாதம் முப்பது பேர் தவறாமல் வந்தால் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும்.

அவசரம் என்றால் ஓடிவந்து கொடுப்போம் என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் எடுத்த ரத்தத்தை அப்படியே ஏற்ற முடியாது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையின் பி, சி வகைகள், சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து பரிசோதனை முடிய வேண்டும், நோயாளியின் ரத்தத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத தாய்க்கு அவ்வளவு நேரம் ஏது? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இங்கே கரை கடந்தபோது மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு நாளில் கொடையாளரை எங்கே போய்த் தேடுவது? ஏற்கெனவே சோதித்து வைத்த பைதான் கைகொடுக்கும்.

உச்ச நீதிமன்றம் 1996-ல் தந்த தீர்ப்பால் 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டது. மிக நல்ல தீர்ப்பு. அந்த இடத்தை நோயாளியின் அண்ணனும் மாமாவும் மட்டும் நிரப்ப வேண்டும் என்பது நியாயமில்லை. விழுப்புரத்திலிருந்தும் நம் மாவட்டத்திலிருந்தும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிற ஏழைக் குடும்பங்களுக்கு அந்த ஊரில் யாரைத் தெரியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டை நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசலில் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருந்தால் சொட்டு மூழ்கிவிடும். குறைவாக இருந்தால் தயங்கி மேலேயே நிற்கும். அதைப் பார்த்து முகம் வாடி வெளியேறும் தங்கைகளை ஒவ்வொரு முகாமிலும் பார்க்கிறேன். அவர்களை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே மருத்துவரிடம் உட்கார வையுங்கள். இரும்புச்சத்து மாத்திரை தேவையா என்று அவர் சொல்வார். சில மாதம் கழித்து நீங்களே மறுபடி கூப்பிடுங்கள். ரத்தம் கொடுத்தவர்களைக் கவனிக்கும் அதே அக்கறை இவர்களுக்கும் வேண்டும்.

விதிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: 18 வயது, 45 கிலோ, ஆண்களுக்கு 3 மாத இடைவெளி, பெண்களுக்கு 4 மாதம். வீட்டில் மறைத்துவிட்டு வராதீர்கள். எடுப்பது 350 மில்லிதான், உடம்பு அதை ஈடுகட்டிக்கொள்ளும் என்று அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். இந்த மேசையில் பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனித் தாள் இருக்கிறது. வகுப்புக்கு ஒருவர் வந்து ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலையும் மே மாதத்தையும் கடலூரிலேயே வீடு இருப்பவர்கள் எடுத்துக்கொண்டால் நல்லது. விடுதி மாணவர்கள் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் எழுதுங்கள். ரத்த வகையோடு, விடுமுறையில் இருக்கும் ஊரின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.