மைன்கிராஃப்ட் சர்வர்: உலகம் உருவாகும் முன் செய்ய வேண்டியவை

(திரையில்: கன்சோல் ஜன்னல். சர்வரை ஓட்டியதும் நாலைந்து வரிகள் ஓடி, அப்படியே நின்றுவிடுகிறது.)

மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன் சர்வரை முதல் தடவை ஓட்டினால் இப்படித்தான் உடனே நின்றுவிடும். எதுவும் கெட்டுப்போகவில்லை. ஈயுலா என்ற ஃபைலையும் சர்வர்.ப்ராப்பர்ட்டீஸ் என்ற ஃபைலையும் எழுதி வைத்துவிட்டு, உரிம ஒப்பந்தத்தை நீங்கள் ஏற்கும்வரை காத்திருக்கிறது. ஈயுலா ஃபைலில் ஃபால்ஸ் என்று இருப்பதை ட்ரூ என்று மாற்றினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும்.

கொஞ்சம் பொறுங்கள், அதை இப்போதே மாற்ற வேண்டாம். இந்த நொடியில் அமைப்புகள் எழுதிய ஃபைல் உங்கள் கையில் இருக்கிறது, உலகமோ இன்னும் உருவாகவில்லை. சர்வர் நடத்துபவருக்கு இதைவிட வசதியான நேரம் கிடைக்காது. கஷ்ட அளவு, எத்தனை பேர் வரலாம், எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சீட் (எந்த உலகம் உருவாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எண்), உலகத்தின் வகை, ஸ்ட்ரக்சர்கள் (வில்லேஜ், கோயில் போல ஆட்டமே கட்டி வைப்பவை) ஆகிய மூன்றும் அப்படி இல்லை. உலகம் முதன்முதலில் உருவாகும்போது ஒரே ஒரு தடவை படிக்கப்பட்டு, அந்த உலகத்தின் ஃபோல்டருக்குள் பதிந்துவிடும். அப்புறம் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் சீடை மாற்றிவிட்டு எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் பழைய உலகம்தான் வரும். "சீட் வேலை செய்யவில்லை" என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் சிக்குவது இங்கேதான்.

வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங்கில் இந்த இடைவெளி பெரும்பாலும் கிடைக்காது. பேனலில் ஸ்டார்ட் பட்டனை அமுக்கியதுமே ஒப்பந்தம், உலகம் எல்லாம் தானாக முடிந்துவிடும். பரவாயில்லை. சர்வரை நிறுத்துங்கள், வேர்ல்டு என்ற ஃபோல்டரின் பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள், அமைப்புகளைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. லெவல்-நேம் என்ற வரியில் இருக்கும் பெயரை டெஸ்ட்1 என்று மாற்றினால், பழைய உலகத்தைத் தொடாமலேயே புதிய ஃபோல்டரில் புதிய உலகம் வரும். பிடிக்கவில்லையா, டெஸ்ட்2. நாலைந்து உலகங்களைச் சுற்றிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு வரி போதும்.

(திரையில்: சர்வர்.ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல். லெவல்-சீட் வரி மஞ்சள் நிறத்தில்.)

சரி, சீடுக்கு வருவோம். வரியைக் காலியாக விட்டால் சர்வரே ஏதோ ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். நீங்கள் எண்ணாகக் கொடுத்தால் 64 பிட் அளவுவரை அப்படியே ஏற்கும். முன்னால் மைனஸ் குறி இருந்தால் அதுவும் சேர்த்தி, காப்பி செய்யும்போது அது விடுபட்டால் கிடைப்பது வேறு உலகம். எழுத்தாகக் கொடுத்தால் ஜாவாவின் ஹாஷ் கணக்கு அதை ஒரு 32 பிட் எண்ணாக மாற்றிவிடும். ஆகவே சொற்களை வைத்து எட்டக்கூடிய உலகங்கள் சுமார் 429 கோடி. போதாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆங்கில எழுத்தில் பெரியது சிறியது மாறினால்கூட உலகம் மாறிவிடும் என்பதை மனத்தில் வையுங்கள்.

சீடோடு வெர்ஷனையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2021 நவம்பர் 30 அன்று வந்த 1.18 நிலத்தை உருவாக்கும் முறையையே மாற்றிப் போட்டது. அதுவரை 0 முதல் 256 வரை இருந்த உயரம், அன்றிலிருந்து மைனஸ் 64 முதல் 320 வரை ஆனது. 1.17-இல் யாரோ பாராட்டிய சீடை இன்றைய சர்வரில் போட்டால் அந்த மலையும் வராது, அந்த ஆறும் வராது. மைன்கிராஃப்டின் இன்னொரு பதிப்பான பெட்ராக் எடிஷனிலும் ஜாவாவிலும் ஒரே சீடைக் கொடுத்தால், 1.18-க்குப் பிறகு நிலமும் பயோமும் (காடு, பாலைவனம் போன்ற நில வகை) பெரும்பாலும் ஒத்துப்போகும். வில்லேஜ் போன்றவை இருக்கும் இடங்கள் மட்டும் ஒத்துப்போகாது.

பலர் சேர்ந்து ஆடும் சர்வருக்குச் சீட் தேர்ந்தெடுக்கும்போது அழகான மலைக்காட்சியை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லாரும் முதலில் வந்து இறங்கும் ஸ்பானைச் சுற்றி 500 பிளாக்குக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மரம் தாராளமாக இருக்க வேண்டும், கட்டுவதற்குச் சமதளம் வேண்டும், எல்லாத் திசையிலும் நடந்து போக வழி இருக்க வேண்டும். தனியாக ஆடுபவருக்கு நடுக்கடல் தீவு சுவாரசியம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் வந்து இறங்கினால், மூன்று மரத்துக்கு அடிதடி, அத்தோடு பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

போட்டி இருக்கும் சர்வர் என்றால் இணையத்தில் பிரபலமான சீடைத் தொடவே தொடாதீர்கள். சீட் தெரிந்த எவரும் வரைபடத் தளத்தில் அதைப் போட்டு, எந்த வில்லேஜ் எங்கே, நிலத்தடிக் கோட்டையான ஸ்ட்ராங்ஹோல்ட் எங்கே என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். சீடைக் காட்டும் கமாண்ட் சர்வரில் ஆப் அனுமதி, அதாவது நிர்வாகி அனுமதி, உள்ளவர்களுக்கு மட்டும்தான், ஆனால் அந்தக் காவல் போதாது. ஸ்ட்ரக்சர்கள் அமைந்திருக்கும் இடங்களை வைத்தே சீடைக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும் கருவிகள் இருக்கின்றன. ஸ்பிகாட், பேப்பர் என்ற மாற்று சர்வர் மென்பொருள்களில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு. ஸ்பிகாட்.ஒய்எம்எல் ஃபைலில் வில்லேஜ், பாலைவனக் கோயில் என ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி சீட் எண் எழுதியிருக்கும். அவற்றை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றி வையுங்கள். இதையும் உலகம் உருவாகும் முன்பே செய்துவிட வேண்டும்.

அடுத்த வரி லெவல்-டைப். நார்மல், ஃப்ளாட், லார்ஜ் பயோம்ஸ், ஆம்ப்ளிஃபைட், ஒரே பயோம் என ஐந்து வகை. எழுத்துப் பிழை விட்டால் சர்வர் தன் லாகில் (நடப்பதை எழுதி வைக்கும் பதிவில்) ஓர் எச்சரிக்கையைப் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் நார்மல் உலகத்தை உருவாக்கிவிடும். முதல் தடவை ஓட்டியதும் லாகை மேலிருந்து ஒரு பார்வை பாருங்கள்.

இவற்றில் சர்வைவலுக்கு என் வோட்டு நார்மலுக்குத்தான். லார்ஜ் பயோம்ஸில் ஒவ்வொரு பயோமும் நீளத்தில் 4 மடங்கு, அகலத்தில் 4 மடங்கு, ஆகப் பரப்பில் 16 மடங்கு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பாலைவனத்தில் வீடு கட்டியவர் ஒரு மரத்துக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். உலகத்துக்குப் பார்டர், அதாவது எல்லை, போட்டுச் சின்னதாக வைத்தால் பாதி பயோம்கள் உள்ளேயே வராது. ஆம்ப்ளிஃபைட் மலைகள் கண்கொள்ளாக் காட்சிதான், கம்ப்யூட்டருக்குத்தான் பெரிய பாரம். ஃப்ளாட் கிரியேட்டிவ் சர்வருக்கு நல்ல தேர்வு. ஜெனரேட்டர்-செட்டிங்ஸ் என்ற வரியில் எந்த அடுக்கில் எந்த பிளாக், எத்தனை உயரம் என்று ஜேசான் என்ற எழுத்து வடிவில் எழுதலாம். எதுவும் எழுதாவிட்டால் அடியில் உடைக்க முடியாத பெட்ராக் பிளாக் ஒன்று, மேலே இரண்டு மண், அதற்கு மேல் ஒரு புல். தரை அவ்வளவு தாழ்வாக இருப்பதால் ஸ்லைம் என்ற எதிரிகள் தரைமேலேயே தோன்றிக்கொண்டிருக்கும். அது தொல்லையாக இருந்தால் அடுக்குகளைக் கூட்டித் தரையை உயர்த்துங்கள், இல்லையென்றால் டிஃபிகல்ட்டியைப் பீஸ்ஃபுல்லில் வையுங்கள்.

ஜெனரேட்-ஸ்ட்ரக்சர்ஸ் வரியை ட்ரூவாகவே விடுங்கள். ஃபால்ஸ் போட்டால் வில்லேஜ் மட்டும்தான் வராது என்று நினைப்பவர்கள் நிறைய. நெதர் என்ற கீழுலகின் கோட்டையான ஃபோர்ட்ரெஸ் வராது, அதனால் எண்டுக்குப் போகத் தேவையான பிளேஸ் ராட் இல்லை. ஸ்ட்ராங்ஹோல்ட் வராது, அதனால் டிராகன் இருக்கும் எண்ட் உலகத்துக்கான வாசலான எண்ட் போர்ட்டல் இல்லை. டிராகனோடு மோதும் ஆசையோடு வந்தவர்களுக்கு ஆட்டம் பாதியிலேயே முடிந்துவிடும்.

நிலத்தையே மாற்றும் டேட்டாபேக் (ஆட்டத்தில் கூடுதலாகச் சேர்க்கும் ஃபைல்) போட நினைத்தால், டெராலித் போன்றவற்றை, இப்போதே போடுங்கள். வேர்ல்டு என்று காலி ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, அதற்குள் டேட்டாபேக்ஸ் என்ற ஃபோல்டரில் அந்த ஃபைலை வைத்துவிட்டு ஓட்டினால், முதல் சங்க்கிலிருந்தே (சங்க் என்பது நிலத்தின் சிறு துண்டு) புது நிலம் வரும். உலகம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் சேர்த்தால், பழைய சங்க்கும் புதிய சங்க்கும் சந்திக்கும் கோட்டில் மலை கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். போட்டதை எடுத்தால் இன்னும் சிக்கல். அதில் பதிந்த பயோம்களின் பெயரே சர்வருக்குத் தெரியாமல் போகும்.

(திரையில்: மேலிருந்து பார்க்கும் வரைபடம். நடுவில் 0, 0. சதுரமான சிவப்புக் கோடு.)

இனி பார்டர். இதில்தான் அதிக நேரம் செலவழிக்கப் போகிறேன், சர்வரின் ஆயுளே இதில் இருக்கிறது.

உலகம் ஒரேயடியாக உருவாவதில்லை. 16-க்கு 16 பிளாக் அளவுள்ள சங்க்காக, யாராவது அருகில் போகும்போதுதான் உருவாகிறது. வியூ டிஸ்டன்ஸ், அதாவது தெரியும் தூரம், 10 சங்க் என்றால், ஒரு பிளேயரைச் சுற்றி 21-க்கு 21, அதாவது 441 சங்க். அவர் நடந்து போனால் கவலை இல்லை. எலிட்ரா என்ற இறக்கையில் ராக்கெட் வைத்துப் பறந்தால் விநாடிக்கு 30 பிளாக்குக்கு மேல் போவார். விநாடிக்குக் கிட்டத்தட்ட 2 சங்க் முன்னேறுகிறார், ஒவ்வொன்றுக்கும் 21 அகலம், ஆக விநாடிக்குச் சுமார் 40 புதிய சங்க். ஒரு ஆள்தான். நாலு பேர் நாலு திசையில் பறந்தால், வீட்டில் அமைதியாக அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பவருக்கும் ஆட்டம் திக்கித் திணறும்.

தீர்வு எளிது. எல்லையைப் போடுங்கள், உள்ளே இருக்கும் எல்லாச் சங்க்கையும் ஆட்கள் வருவதற்கு முன்பே உருவாக்கிவிடுங்கள்.

முதலில் ஒயிட்லிஸ்ட்டை இயக்கி, யாரும் உள்ளே வராதபடி செய்யுங்கள். கன்சோலில் வேர்ல்டுபார்டர் சென்டர் 0 0, அப்புறம் வேர்ல்டுபார்டர் செட் 10000. இந்த 10000 என்பது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை உள்ள முழு அகலம். அடுத்து, சங்க்குகளை முன்கூட்டியே உருவாக்கும் சங்க்கி என்ற ப்ளக்இன், மாடாகவும் கிடைக்கிறது. அதில் சென்டர் 0 0, ரேடியஸ் 5000, பிறகு ஸ்டார்ட். இங்கே கேட்பது நடுவிலிருந்து உள்ள தூரம். இரண்டிலும் 10000 என்றே கொடுத்துவிட்டால், யாரும் போக முடியாத இடத்துக்கும் சேர்த்து நாலு மடங்கு வேலையைச் சர்வர் செய்துகொண்டிருக்கும்.

10000-க்கு 10000 என்றால் 625-க்கு 625 சங்க், மொத்தம் 3,90,625. இவை 400 ரீஜியன் ஃபைல்களாக டிஸ்க்கில் உட்காரும், சில ஜிபி இடம் பிடிக்கும். இரவில் ஓடவிட்டுப் படுக்கப் போகலாம். நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் பாஸ், தொடர கன்டின்யூ. நெதரில் ஒரு பிளாக் மேலுலகில் 8 பிளாக்குக்குச் சமம் என்பதால், அங்கே 625 ரேடியஸ் கணக்குக்குப் போதும். ஆட்கள் சுற்றுவார்கள், 1000 வையுங்கள்.

எல்லையை எவ்வளவு சின்னதாக்கலாம்? இதற்கு ஆட்டத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. ஜாவாவில் நடுவுக்கு மிக அருகில் இருக்கும் வளையத்தில் 3 ஸ்ட்ராங்ஹோல்ட்கள் உண்டு, அவை 0, 0-இலிருந்து 1280 முதல் 2816 பிளாக் தூரத்துக்குள் இருக்கும். எல்லையின் அகலத்தை 2000 என்று போட்டால் பெரும்பாலும் ஒன்றுகூட உள்ளே வராது. 6000 என்று போட்டால் மூன்றும் நிச்சயம் உள்ளே வந்துவிடும். எண்டிலும் நடுத்தீவிலிருந்து வெளித்தீவுகளுக்குச் சுமார் 1000 பிளாக் வெறுமை. எல்லை அதற்குள்ளேயே முடிந்தால், வெளித்தீவுகளில் கிடைக்கும் எலிட்ராவை மறந்துவிட வேண்டியதுதான். பத்திருபது பேர் ஆடும் சர்வருக்கு 6000-இலிருந்து 10000 வரை தாராளம் என்பது என் கணிப்பு. பலரும் 50000, 1 லட்சம் என்று போகிறார்கள். அவ்வளவு இடம் இருந்தால் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள், அப்புறம் எதற்கு மல்டிபிளேயர்?

சின்ன எல்லைக்கு இன்னொரு பெரிய காரணம் வரப்போகும் வெர்ஷன்கள். ஒரு சங்க் ஒரு தடவை உருவாகிவிட்டால் அதில் புதிய பயோம் வராது. 2023-இல் 1.20 செர்ரி குரோவைக் கொண்டுவந்தது, 2024 டிசம்பரில் 1.21.4 பேல் கார்டனைக் கொண்டுவந்தது. இரண்டுமே அதுவரை யாரும் கால் வைக்காத நிலத்தில்தான் தோன்றும். எல்லைக்கு வெளியே தொடாத நிலம் இருந்தால், அப்டேட் வந்த அன்று பேக்கப் எடுத்து, சர்வரைப் புதுப்பித்து, எல்லையை 10000-இலிருந்து 12000 ஆக்கி, சங்க்கியை 6000 ரேடியஸில் ஓட்டினால் போதும், ஏற்கெனவே உள்ளதை அது தாண்டிவிடும். ஆட்கள் பழைய வீட்டிலிருந்தே கிளம்பிப் போய்ப் புது மரத்தை வெட்டி வருவார்கள்.

ஏற்கெனவே எல்லையே இல்லாமல் ஓடி, தூரதூரமாக சங்க் சிதறிக் கிடக்கும் சர்வரையும் மீட்கலாம். எம்சிஏ செலக்டர் என்ற கருவியில் உலகத்தின் ஃபோல்டரைத் திறந்தால், ஒவ்வொரு சங்க்கிலும் பிளேயர்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்ற இன்ஹேபிட்டட் டைம் எண் கிடைக்கும். அது டிக்கில் இருக்கும், விநாடிக்கு 20 டிக். 1200-க்குக் கீழே உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்தால், ஒரு நிமிடம்கூட யாரும் தங்காத, மேலே பறந்து போனதால் மட்டும் உருவான சங்க்குகள் வரும். சர்வரை நிறுத்தி, முழு பேக்கப் எடுத்து, வரைபடத்தில் வீடுகளும் ரயில் பாதைகளும் தேர்வுக்குள் விழவில்லை என்று கண்ணால் சரிபார்த்த பிறகு அழியுங்கள். யாராவது தூரத்தில் பெட்டி ஒன்றைப் புதைத்து வைத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம், அதனால் அழிப்பதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.