குந்தி உட்கார மறந்த கால்கள்

வணக்கம் நேயர்களே. "மாத்திரை போடுறேன், நடக்கத்தான் சோம்பலா இருக்கு." மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு உள்ளவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. சோம்பலைத் திட்டவேண்டாம். கிழங்கு தோண்டி, வேட்டையாடி வயிறு கழுவிய காலத்தில் வீணாக ஓடினால் உடம்புக்கு நட்டம். சும்மா இருக்க நேரம் கிடைத்தால் உட்கார் என்பது லட்சக்கணக்கான ஆண்டுப் பழக்கம்.

தான்சானியாவில் இன்றும் வேட்டையாடும் ஹாட்சா மக்களை ஆராய்ந்து 2020-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவர்களும் நாளுக்கு ஏறக்குறைய 10 மணி நேரம் ஓய்வில்தான் இருக்கிறார்கள்! மற்ற நேரம் நம்மைவிட அதிகம் நடக்கிறார்கள், அது வேறு. ஆனால் ஓய்விலும் குந்துகிறார்கள், மண்டியிடுகிறார்கள். அப்போது தொடையும் கெண்டைக்காலும் லேசாக வேலை செய்துகொண்டே இருக்கும். சோபாவில் சாய்ந்தால் இரண்டும் தூங்கிவிடும்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள் விடியுமுன்னே 400, 500 மரம் சுற்றினார்கள், வாளி சுமந்தார்கள், தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் குந்திப் பேசினார்கள். பிள்ளைகள் டவுனுக்கு வந்து மோட்டார் ஏறிவிட்டார்கள். தே தாரிக் என்ற பால் தேநீரின் இனிப்பு மட்டும் குறையவில்லை.

சுருங்கி விரியும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆகவே சாப்பிட்டு அரை மணிக்குள் 10, 15 நிமிடம் நடங்கள். கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. முள் குத்தினாலும் தெரியாது.

அடுத்தது குந்துதல். பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, வாசல்நிலையைப் பிடித்தபடி மெல்ல இறங்குங்கள். குதிகால் தூக்கிக்கொள்கிறதா? பெரும்பாலும் கெண்டைத் தசை இறுகி, கணுக்கால் மடங்க மறுப்பதுதான் காரணம். குதிகாலுக்கு அடியில் 2, 3 சென்டிமீட்டர் பலகை வையுங்கள். மடித்த துண்டு அமுங்கிவிடும். முதல் வாரம் 30 வினாடி, நாளுக்கு 4 தடவை போதும். முட்டி வலித்தால் அடிவரை இறங்காமல், தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள். அதற்கும் தொடை வேலை செய்யும்.

இன்சுலின் போடுபவர்கள், கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் வெறும் வயிற்றில் நடக்கப் போகாதீர்கள். கை நடுங்கி, குப்பென்று வியர்த்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம், உடனே நின்றுவிடுங்கள். 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். அப்போதும் 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை குடியுங்கள்.