குவே பைட்டி கிண்ணம்: கடை டப்பா வேண்டாம், பித்தளை அச்சு போதும்

வணக்கம், வணக்கம்! எல்லாரும் நலம்தானே? இன்றைக்கு என் குரலில் கொஞ்சம் சூடு தெரியும். காரணம் மேசைமேல் இருக்கிற இந்தப் பிளாஸ்டிக் டப்பா. குவே பைட்டிக் கிண்ணங்கள், 50 எண்ணிக்கை. விலை 18 வெள்ளி 90 காசு. கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். கால்வாசிக்கு மேல் உடைந்து கிடக்கிறது. சரி, உடைந்தது போகட்டும், மூடியைத் திறந்ததும் வருகிற வாடை இருக்கிறதே! சிக்கெண்ணெய் வாடை. அக்கா மகளின் 21ஆவது பிறந்தநாளுக்கு இதையா வைக்க முடியும்? எந்தக் கடை என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். ஆனால் 18 வெள்ளி 90 காசு! உள்ளே இருப்பது மைதா, அரிசி மாவு, ஒரு முட்டை, உப்பு, தண்ணீர். அவ்வளவுதான். அந்தப் பணத்தில் எண்ணெயும் மாவும் வாங்கி இரண்டு விருந்துக்குச் சுட்டுவிடலாம்.

அதனால் இன்றைக்கு நாமே சுடப் போகிறோம். சிங்கப்பூர், மலேசியாவுக்கு வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குவே பைட்டி பெரனாக்கான் பலகாரம், அதாவது இங்கே குடியேறின சீனர் வழிவந்த சமூகத்தின் பலகாரம். மொறுமொறு கிண்ணத்துக்குள் பங்குவாங் (ஜிகாமா) கிழங்கு, கேரட், இறால் எல்லாம் வதக்கி நிரப்பி, மேலே மல்லித்தழையும் சில்லி சாஸும் வைத்துத் தருவார்கள். விளிம்பு விரிந்து, கவிழ்த்து வைத்தால் வெள்ளைக்காரர் தொப்பி மாதிரி இருப்பதால் ‘டாப் ஹேட்’ என்றும் பெயர். ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாகக் கடித்தால் சாறெல்லாம் சட்டையில்.

என் வீடியோக்களைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் இப்போது என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்திருக்கும். ஆமாம், இது நம் அச்சு முறுக்கு வேலைதான்! போன தீபாவளிக்குப் போட்ட அச்சு முறுக்கு வீடியோவைப் பார்த்துச் செய்தவர்களுக்குப் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. காய்ந்த அச்சை மாவில் முக்கி, எண்ணெயில் இறக்கி, கழன்றதும் எடுப்பது. மலாய்க்காரர்கள் வீட்டுக் குவே ரோஸும் இதே வழிதான், இலங்கையில் கொக்கிஸும் இதே வழிதான். அச்சின் வடிவம் மட்டும் வேறு. அங்கே பூ, இங்கே கிண்ணம்.

அச்சைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பித்தளை வாங்குங்கள். கனமான பித்தளை, மரக் கைப்பிடி, பக்கங்களில் நெளிநெளியாக மடிப்பு இருப்பது. அலுமினியத்தில் மெல்லிசாக ஒன்று விற்கிறார்கள், எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. மாவில் முக்கின கணமே சூடு இறங்கிவிடும், மாவு பிடிக்காமல் வழியும். பித்தளை கனம், சூட்டை வைத்துக்கொள்ளும். நான் வாங்கினது இதோ, 26 வெள்ளி. கடைக்காரர் 30 சொன்னார், கைப்பிடி லேசாக ஆடுகிறதே என்று காட்டி நாலு வெள்ளி குறைத்துவிட்டேன்! வீட்டுக்கு வந்து ஆணியை ஒரு தட்டு தட்டினேன், ஆட்டம் நின்றுவிட்டது. நாலு வெள்ளி! எனக்கு இன்னும் அந்தச் சந்தோஷம் போகவில்லை.

புது அச்சு என்றால் உடனே சுட முடியாது, பழக்க வேண்டும். கழுவி, ஈரம் துளிகூட இல்லாமல் துடைத்து, எண்ணெயில் இரவு முழுக்க ஊற வையுங்கள். மறுநாள் அதே எண்ணெயை மிதமான தீயில் அச்சோடு சேர்த்துச் சூடாக்கி, அப்படியே ஆற விடுங்கள். தோசைக்கல்லைப் பழக்கின கைக்கு இது ஒரு வேலையே இல்லை.

மாவுக்கு வருவோம். மைதா 100 கிராம், அரிசி மாவு 30 கிராம், முட்டை ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை, தண்ணீர் 230 மில்லி அளவு. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். முட்டை சின்னதா பெரியதா என்பதைப் பொறுத்து மாறும். நீர் மோரைவிடக் கெட்டியாக, ஆப்ப மாவைவிட நீர்க்க இருக்க வேண்டும். அரிசி மாவைக் கட்டாயம் சேருங்கள். மைதா மட்டும் போட்டால் பசைத்தன்மையால் கிண்ணம் ஆறினதும் ஜவ்வென்று ஆகிவிடும். அதே காரணத்துக்காக ரொம்ப நேரம் அடிக்கவும் கூடாது. கலந்தால் போதும். அப்புறம் அரை மணி நேரம் சும்மா விடுங்கள், மாவு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், நுரையும் அடங்கும். நுரையோடு முக்கினால் கிண்ணத்தில் ஓட்டை விழும், சாறு ஒழுகும்.

ஒரு நிமிடம், வடிகட்டுவதைச் சொல்லாமல் தாண்டிவிட்டேனே. கலந்ததும் வடிகட்டிவிட்டுத்தான் ஊற விட வேண்டும். கட்டி ஒன்று அச்சில் ஒட்டினாலும் அந்த இடம் தடித்து வேகாமல் நிற்கும்.

சிலர் சுண்ணாம்புத் தெளிவுத் தண்ணீர் ஒரு கரண்டி சேர்ப்பார்கள், மொறுமொறுப்புக்கு. இங்கே அதைக் கபூர் என்பார்கள், வெற்றிலைச் சுண்ணாம்புதான். நான் சேர்ப்பதில்லை. அரிசி மாவு சரியான அளவில் இருந்தால் அது தேவைப்படவில்லை, கூடிப்போனால் கசப்பு வேறு.

மாவைப் பாத்திரத்தில் வைக்காமல் உயரமான டம்ளரில் ஊற்றிக்கொள்ளுங்கள், அச்சு நேராக முங்கும். எண்ணெய்க்கும் சின்னச் சட்டிதான். அகலச் சட்டி எண்ணெயைக் குடிக்கும். அச்சு முழுக்க மூழ்குகிற ஆழம் வேண்டும். சூடு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையா? சாப்ஸ்டிக் நுனியை விடுங்கள், சுற்றிச் சின்னச் சின்னக் குமிழி விடாமல் வந்தால் சரி.

இப்போது பாருங்கள். அச்சு எண்ணெயிலேயே காய்கிறது. எடுக்கிறேன், காகிதத்தில் ஒரு ஒற்று. ஒற்றாமல் முக்கினால் எண்ணெய் மாவுக்குள் போய் அடுத்த கிண்ணம் பிடிக்காது. முக்குகிறேன், ‘சுர்’ என்று சத்தம் கேட்டதா? அந்தச் சத்தம்தான் எல்லாம். சத்தம் வரவில்லையென்றால் அச்சு காயவில்லை, மாவு வழிந்துவிடும். பலமாகச் சீறி மாவு பொங்கிக் கழன்றால் அச்சு அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. டம்ளருக்கு மேலே கொஞ்சம் பிடித்து ஆற விடுங்கள். அப்புறம் முக்கும்போது மேல் விளிம்புக்கு ஒரு நூல் கீழேயே நிறுத்த வேண்டும். மாவு விளிம்பைத் தாண்டி மேலே ஏறிவிட்டால் அச்சை மூடிக்கொள்ளும், எந்தச் சாமி வந்தாலும் கழலாது.

எண்ணெயில் இறக்கியாச்சு. அசையாமல் பிடியுங்கள், மாவு கெட்டியாகட்டும். இப்போது அச்சை மெதுவாக மேலே, கீழே, மேலே, கீழே... பாருங்கள், பாருங்கள்! விளிம்பு விரிகிறது பார்த்தீர்களா! சுற்றிலும் ஒரே அகலம், ஒரு பக்கமும் கோணவில்லை. ஐயோ, என்ன அழகு! இந்த விரிப்பைக் கடை டப்பாவில் தேடிப் பாருங்கள், ஒன்றிலும் இல்லை, எல்லாம் நேர்ச்சுவர். விரிப்பு வெறும் அழகுக்கு மட்டுமில்லை, கையில் பிடிக்க அதுதான் இடம், மல்லித்தழை நிற்பதும் அதில்தான்.

கழலவில்லையென்றால் சாப்ஸ்டிக்கால் விளிம்பில் லேசாகத் தள்ளுங்கள். பொன்னிறம் வந்ததும் எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் உள்ளே எண்ணெய் தேங்கும். அச்சை உடனே எண்ணெய்க்குள் திருப்பிப் போடுங்கள், அடுத்ததற்குக் காய வேண்டும். மாவையும் ஒவ்வொரு முறையும் ஒரு கலக்குக் கலக்குங்கள், அரிசி மாவு அடியில் படிந்துவிடும்.

கப்கேக் தட்டில் வான்டன் தோலை, அதுதான் சீனர்கள் பூரணம் வைத்து மடிக்கிற மெல்லிய சதுர மாவுத் தகடு, அதை வைத்து ஓவனில் சுடுகிற வழியை நிறையப் பேர் கேட்கிறீர்கள். வேண்டாம். நாலு மூலையும் கருகும், அடி வேகாது. அது வேறு பண்டம், அதற்குக் குவே பைட்டி என்று பெயர் வைக்காதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் வருகிறார்களா? முட்டையை விட்டுவிட்டுத் தண்ணீரில் பாதிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள், அச்சு முறுக்குக்குச் செய்கிற மாதிரி. கொஞ்சம் சீக்கிரம் சிவக்கும், தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இறாலுக்குப் பதில் வெங்காயம், கேரட், கொண்டைக்கடலை வைத்தால் அருமையாக இருக்கும். என் அம்மாவுக்கு அந்தக் கொண்டைக்கடலைதான் உயிர்.

ஆறினதும், நன்றாக ஆறினதும், காற்றுப் புகாத டின்னில் போடுங்கள். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் வருஷம் முழுக்க 80 சதவிகிதத்தை ஒட்டியே இருக்கும், தட்டில் வைத்துவிட்டுப் போனால் அன்றைக்கே தொய்ந்துவிடும். தொய்ந்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள், ஓவனில் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் திரும்ப மொறுமொறுப்பு வரும். சிக்கு வாடை வந்ததைத்தான் எந்த ஓவனாலும் காப்பாற்ற முடியாது.

பங்குவாங்கை வதக்கினதும் சல்லடையில் வடிய விடுங்கள். இது மிக முக்கியம். சாற்றோடு நிரப்பினால் பத்து நிமிடத்தில் அடி ஊறிக் கையோடு விழும். விருந்தில் நான் நிரப்பியே வைக்கமாட்டேன். கிண்ணம் ஒரு தட்டு, கிழங்கு ஒரு தட்டு, இறால், சில்லி, மல்லித்தழை தனித்தனி. அவரவர் நிரப்பிக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு அதில்தான் கொண்டாட்டமே.

ஆங், அச்சைச் சுத்தம் செய்வது! வேலை முடிந்ததும் சூடு இருக்கும்போதே காகிதத்தால் துடைத்து, துளி எண்ணெய் தடவிச் சுற்றி வைத்துவிடுங்கள். சோப்பு போட்டுத் தேய்த்தால் பழக்கினது அத்தனையும் போய்விடும், மறுபடி எண்ணெயில் ஊறப்போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில்லி சாஸ் அளவுகளை அடுத்த வீடியோவில் சொல்கிறேன், பூண்டு எவ்வளவு என்று கேட்டவர்கள் அதுவரை பொறுங்கள். இப்போது எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது, டம்ளரில் இன்னும் பாதி மாவு இருக்கிறது. வரட்டுமா?