சிரில் டானியைப் பாட வைத்தது கப்பல்தான்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

“கலைஞனை உருவாக்குவது கட்டுப்பாடா, விடுதலையா?” என்பது இன்றைய தலைப்பு. கட்டுப்பாடுதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு அருமையான மனிதரைச் சாட்சிக்கு அழைத்து வந்தார். இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாடகர் சிரில் டானி. “பிரிட்டிஷ் கடற்படையில் 13 வருடம் கிடந்தார். 1959-ல் சீருடையைக் கழற்றிவிட்டுக் கிட்டாரோடு வெளியே வந்தார். அன்றைக்குத்தான் கலைஞர் பிறந்தார்” என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். நான் வேறு ஆளைத் தேடிப் போகவில்லை நடுவர் அவர்களே. அதே சிரில் டானியைத்தான் என் அணிக்கும் சாட்சியாகக் கூப்பிடுகிறேன்.

அவர் பிறந்தது 1930-ல், காஸ்போர்ட்டில். போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஊர். பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குத் தாய்வீடாக இருந்த தளம் அந்த ஊரில்தான் இருந்தது. கடலோடிகளின் குடும்பம். 16 வயதில் கடற்படையில் சேர்ந்தார். இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பப் பிரிவில் பயிற்சி. பிறகு சில ஆண்டுகள் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை.

அந்தக் காலத்து நீர்மூழ்கி எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டீசல் எஞ்சினும் பேட்டரியும் வைத்து ஓடுகிற இரும்புக் குழாய். அதற்குள் சுமார் 60 பேர். நல்ல தண்ணீர் அளந்துதான் கிடைக்கும், குளியல் என்பது கரைக்கு வந்த பிறகுதான். உடுப்பில், போர்வையில், சாப்பாட்டில் எல்லாம் டீசல் வாடை. எப்போது தூங்குவது, எப்போது எழுவது என்பதை மணிக்கணக்குப் போட்டு இன்னொருவர் தீர்மானிப்பார். ஆபத்தும் சும்மா பேச்சுக்கு இல்லை. 1951 ஏப்ரலில் ‘அஃப்ரே’ என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஆங்கிலக் கால்வாயில் மூழ்கியது. உள்ளே இருந்த 75 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. டானி கடற்படையில் இருந்த காலம் அது.

இப்படிப்பட்ட இடத்தில் பாட்டு எப்படி வரும் என்பதுதான் எதிரணியின் கேள்வி. வந்ததே! அதைத்தானே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்?

முதலில் தேதிகளைப் பார்த்துவிடுவோம். 1957 கிறிஸ்துமஸ் அன்று, நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தேடிச் சேகரித்த அமெரிக்கர் ஆலன் லோமாக்ஸ் பிபிசி வானொலியில் ஒரு பெரிய நிகழ்ச்சி நடத்தினார். அதில் டானி பாடினார். அப்போது அவர் கடற்படைக்காரர். 1958 ஈஸ்டர் ஞாயிறு அன்று தொலைக்காட்சியில் வந்தார். அப்போதும் கடற்படைக்காரர். அதன் பிறகு வாராவாரம் தொலைக்காட்சியில் பாடினார். அப்போதும் மாதச் சம்பளம் கடற்படையில்தான். எதிரணித் தலைவர் சொல்கிற 1959-க்கு முன்பே நாடு அவர் குரலைக் கேட்டுவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா?

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டு ‘சாலி ஃப்ரீ அண்ட் ஈஸி’. ஒரு மாலுமியின் அன்பை விளையாட்டாக எடுத்துக்கொண்ட பெண்ணைப் பற்றிய பாட்டு. சின்னச் சின்னச் சொற்கள், கொஞ்சம் வரிகள், அலைமேல் ஏறி இறங்குவதுபோல ஒரு மெட்டு. டேவி கிரஹாம் பாடினார், மரியான் ஃபெய்த்ஃபுல் பாடினார், பென்டாங்கிள் குழுவினர் பாடினார்கள். இத்தனை பெரிய பாடகர்கள் தேடி வந்து பாடிய பாட்டை எழுதியபோது டானி சீருடையில்தான் இருந்தார்.

சரி, சீருடையில் இருந்தபோது எழுதினார் என்பதாலேயே சீருடைதான் எழுத வைத்தது என்று ஆகிவிடுமா என்று நடுவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் உள்ள பதில் இன்னொரு பாட்டு, ‘சாமிஸ் பார்’. எனக்கு அவர் பாட்டுகளிலேயே நெருக்கமானது இதுதான்.

மால்டா தீவு. கடற்கரையோரம் ஒரு மதுக்கடை. ஒரு மாலுமியும் ஒரு பெண்ணும். கார் வைத்திருக்கிற இன்னொருவன் வருகிறான், அவள் அவனோடு போய்விடுகிறாள். அந்தக் கார் விபத்துக்குள்ளாகி அவள் இறந்துபோகிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் அதைக் கட்டியிருக்கிற விதத்தைப் பாருங்கள். கதையில் ஒரு வரி வரும். உடனே ஒரு குரல் குறுக்கே வரும்: கடைசிப் படகு கிளம்புகிறது. அடுத்து கதையில் இன்னொரு வரி. மறுபடியும் ஒரு குரல்: படகை இழு. மால்டாவில் மாலுமிகளைக் கரைக்கும் கப்பலுக்கும் ஏற்றி இறக்குகிற சின்னப் படகு அது. காதல் வந்தபோதும் கடைசிப் படகு கிளம்புகிறது. அவள் போனபோதும் கிளம்புகிறது. அவள் செத்துப்போனாள் என்ற செய்தி வரும்போதும் அந்தப் படகு கிளம்பிக்கொண்டேதான் இருக்கிறது. உட்கார்ந்து அழக்கூட அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை.

குறித்த நேரத்துக்குக் கப்பலுக்குத் திரும்பியே ஆக வேண்டும், தவறினால் தண்டனை என்று வாழ்ந்தவனுக்குத்தான் அந்தப் பல்லவி தோன்றும். இஷ்டம்போல ஊரில் தங்கலாம், இஷ்டம்போலப் போகலாம் என்று இருக்கிறவனுக்கு அவள் சாவு தெரியும். அந்தப் படகு தெரியாது. படகு இல்லாவிட்டால் அது காதலில் தோற்ற இன்னொருவன் பாட்டு, அவ்வளவுதான். அந்தப் படகைக் கொடுத்தது கடற்படையின் கட்டுப்பாடு.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி ஒரு வலுவான வாதம் வைத்தார். பாய்மரக் காலத்தில் வணிகக் கப்பல்களில் கயிறு இழுக்கும்போது பாட்டு உண்டு, ஆனால் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் வேலை நேரத்தில் அப்படிப் பாட விடமாட்டார்கள், பாட்டையே தடுத்த இடம் பாடகனை உருவாக்குமா என்றார். தகவல் உண்மை, மறுக்கவில்லை. ஒருவர் வரி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் பாடிக்கொண்டே இழுக்கிற பாட்டுகள் அவை. நம் கடற்கரையில் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு மாதிரி. போர்க்கப்பலில் அதிகாரியின் கட்டளை காதில் விழ வேண்டும், அதனால் அமைதி வேண்டும் என்பது வழக்கம்.

ஆனால் சகோதரி அவர்களே, வேலை முடிந்த பிறகு என்ன ஆயிற்று? பகலெல்லாம் அடக்கி வைத்தது மாலையில் கீழ்த்தளத்தில் கொட்டியது. மேலதிகாரியைக் கிண்டல் செய்கிற பாட்டு, சாப்பாட்டைத் திட்டுகிற பாட்டு, வீட்டை நினைத்து ஏங்குகிற பாட்டு, பெண்கள் முன்னால் பாட முடியாத பாட்டு எல்லாம் அங்கேதான் பாடினார்கள். யார் எழுதியது என்று தெரியாமல் கப்பல் விட்டுக் கப்பல் தாவின. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பாடுவது லேசான காரியமா? ஒரு வரி பொய்யாக இருந்தால் பக்கத்துப் படுக்கைக்காரனே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். இடித்துக்கொண்டு சேர்ந்து வாழ்கிற 60 பேர் தலையசைத்தால்தான் அது பாட்டு. டானிக்கு அதுதான் குருகுலம்.

‘சிக்கன் ஆன் எ ராஃப்ட்’ என்று ஒரு பாட்டு எழுதினார். கடற்படையின் காலைச் சாப்பாட்டைப் பற்றியது. ரொட்டித் துண்டின்மேல் பொரித்த முட்டை. ‘தெப்பத்தின்மேல் கோழி’ என்று மாலுமிகள் அதற்கு வைத்த செல்லப்பெயர்தான் தலைப்பு. தினம் தினம் அதையே தட்டில் போட்டால் மனிதனுக்கு என்ன தோன்றும்? அதை அவர் கயிறு இழுக்கிற பாட்டின் வடிவத்தில், எடுத்துக் கொடுப்பதும் பதில் பாடுவதுமாகக் கட்டினார். எந்தக் கடற்படையில் அந்த வகைப் பாட்டுக்கு இடமில்லை என்றார்களோ, அந்தக் கடற்படைக்காரர்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். 1960களில் யங் ட்ரெடிஷன் குழு அதைப் பதிவு செய்தது. இன்றைக்கும் கூட்டமாகச் சேர்ந்து பாடுகிறார்கள்.

இன்னொன்று, ‘தி ஆகி மேன்’. டெவன்போர்ட் கப்பல்தள வாசலில் இரவு நேரத்தில் ஒருவர் சுடச்சுடப் பாஸ்டி விற்பார். இறைச்சியும் உருளைக்கிழங்கும் மாவுக்குள் வைத்துச் சுட்ட பண்டம். மாலுமிகள் அதை ‘ஆகி’ என்பார்கள். கரையில் சுற்றிவிட்டுக் கையில் மிச்சமிருக்கிற சில்லறையோடு கப்பலுக்குத் திரும்புகிறவர்களுக்கு அதுதான் கடைசிச் சூடு. பிறகு ‘ஹாட் டாக்’ விற்கிற வண்டிகள் வந்தன, பாஸ்டிக்காரர் காணாமல் போனார். தூறல் விழுகிறது, அவர் இல்லை என்று டானி பாடுகிறார். அரசன் இறந்ததைப் பாடினவர்கள் இருக்கிறார்கள். தள்ளுவண்டிக்காரர் போனதை இவ்வளவு மரியாதையோடு பாடியவர் எனக்குத் தெரிந்து இவர்தான். குளிரில் அந்த வாசல் வழியாகத் திரும்பிப் போகக் கட்டாயம் இருந்தவர்களுக்குத்தானே அந்தச் சூட்டின் அருமை தெரியும்?

ஒன்றை மனதார ஒப்புக்கொள்கிறேன். டானிக்குக் கடற்படையை விட்டுப் போக ஆசை இருந்தது. ‘தி கிரே ஃபனல் லைன்’ பாட்டைக் கேட்டால் தெரியும். போர்க்கப்பலின் புகைபோக்கி சாம்பல் நிறம் என்பதால் கடற்படைக்கு மாலுமிகள் வைத்த பெயர் அது. கப்பலின் பின்பக்கம் நின்று, சுழலி கிளப்புகிற நீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் ஒருவன். தண்ணீரில் வெள்ளிப் பாதை தெரிகிறது. பைபிளில் பேதுரு கடல்மேல் நடந்த மாதிரி இதன்மேல் நடந்து வீட்டுக்குப் போய்விட முடியாதா என்று ஏங்குகிறான். இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று எண்ணுகிறான். பாடகிகள் மேடி ப்ரையரும் ஜூன் டேபரும் 1976-ல் இரண்டு குரலில் பாடியிருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

விடுதலைக்கு ஏங்கும் பாட்டு என்பதால் எதிரணி இதைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கும். இழுக்கட்டும். ஆனால் அந்த ஏக்கத்தைப் பாடுகிறவன் எங்கே நிற்கிறான்? கப்பலில். நாளை எண்ணுகிறவன் யார்? எண்ண வேண்டிய நாள் மிச்சமிருக்கிறவன். கரையில் வீடு கட்டிக் குடியிருக்கிறவனுக்கு வெள்ளிப் பாதை எதற்கு?

அப்படியானால் கடற்படையில் இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் ஏன் டானி ஆகவில்லை என்று கேட்பீர்கள். திறமை அவருடையது, அதைக் கடற்படை கொடுத்தது என்று நான் சொல்லவே இல்லை. கரையில் விடுதலையாக இருந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்களே, அவர்களும்தான் டானி ஆகவில்லை. திறமையைச் செதுக்கியது எது என்பதுதான் நம் தலைப்பு.

வெளியே வந்த பிறகு 2005-ல் இறக்கும் வரை 40 ஆண்டுகளுக்கு மேல் பாட்டையே தொழிலாக வைத்து வாழ்ந்தார். பிளிமத்தில் நாட்டுப்புறப் பாடல் மன்றம் தொடங்கினார், தென்மேற்கு இங்கிலாந்தின் பாட்டுகளைத் தேடிச் சேர்த்தார், இளைஞர்களை வளர்த்தார். விடுதலை அவருக்கு நேரம் கொடுத்தது, ஊர் ஊராகப் போக வழி கொடுத்தது. அதற்குரிய மதிப்பைக் கொடுக்க நான் தயங்கவில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, அந்த நேரத்தை வைத்துக்கொண்டு அவர் செய்த பெரிய வேலையைக் கவனியுங்கள். கடற்படை மாலுமிகள் 1900 முதல் 1970 வரை பாடிய பாட்டுகளை, யாரும் இலக்கியமாக மதிக்காத கீழ்த்தளப் பாட்டுகளை, வருடக்கணக்கில் திரட்டினார். 1987-ல் புத்தகமாக வெளியிட்டார். கடற்படையை விட்டு வந்து 28 ஆண்டுகள் கழித்து! எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லட்டும். எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் பாடலாம் என்று இருந்த அந்த மனிதர், ஏன் மறுபடியும் மறுபடியும் அந்தக் கப்பலுக்குள்ளேயே போனார்?

நன்றி, வணக்கம்.