மிதி நின்ற கணம்: ஒரே காட்சியை ஆறு விதமாக எடிட் செய்து பார்த்த கதை

வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கல்லூரி இறுதியாண்டுக்காக எடுத்த குறும்படத்தின் எடிட்டிங் கடந்த ஐந்து வாரங்களாக என் அறையில்தான் நடந்து வருகிறது. இன்று அந்தப் படம் முழுவதையும் பற்றிப் பேசப் போவதில்லை. அதில் வருகிற, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதை எத்தனை விதமாக வெட்டிப் பார்த்தேன், எந்த வெட்டு நிற்கவில்லை, ஏன் நிற்கவில்லை என்பதை மட்டும் சொல்லப் போகிறேன்.

காட்சி இதுதான். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன வீடு, முன்னறையே தையற்கடை. இரவு நேரம். அப்பா மகளுக்காக ஒரு சுடிதார் தைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும் மகள், சென்னையில் விடுதி கிடைத்துவிட்டது என்றும் நாளை மறுநாளே கிளம்ப வேண்டும் என்றும் அங்கிருந்தபடியே சொல்கிறாள். தையல் மெஷினின் மிதியில் ஓடிக்கொண்டிருந்த அப்பாவின் கால் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு வார்த்தையும் பேசாமல், மறுபடியும் மிதிக்கத் தொடங்குகிறார். அப்பாவாக நடித்தவர் எங்கள் தெருவில் நிஜமாகவே தையற்கடை வைத்திருக்கும் மாமா. நடிப்பு அவருக்குப் புதிது. மெஷின் அவருக்கு நாற்பது வருடப் பழக்கம். இந்தக் காட்சிக்கு உயிர் இருக்கிறதென்றால் அது அந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான்.

வெட்டத் தொடங்குவதற்கு முன்பே ஒரு வாரம் வீணாகப் போயிற்று. அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அந்த வாரம் மிஞ்சட்டும். நாங்கள் கைப்பேசியில் படம் பிடித்து, ஒலியைத் தனி ரெக்கார்டரில் பதிவு செய்தோம். ஷாட் தொடங்கும்போது கையைத் தட்டி, அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் சேர்த்தால், ஆரம்பத்தில் உதடும் வசனமும் சரியாகப் பொருந்தின. நான்கு நிமிட டேக், அதாவது நிறுத்தாமல் எடுத்த ஒரு பதிவு, ஒன்றின் கடைசிக்குப் போனபோது வசனம் உதட்டை விட்டு விலகியிருந்தது. பல கைப்பேசிகள் விநாடிக்கு இத்தனை ஃப்ரேம், அதாவது இத்தனை தனிப்படம், என்று ஒரே சீராக எடுப்பதில்லை. வெளிச்சத்தையும் கருவியின் சுமையையும் பொறுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. ரெக்கார்டரோ ஒரே சீராக ஓடுகிறது. எல்லாக் கிளிப்புகளையும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, மாறாத ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகுதான் விலகல் நின்றது. நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரம், விநாடியில் 50இல் ஒரு பங்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக்கு வைத்த டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. ஷட்டர் அந்தக் கணக்கோடு ஒத்துப் போகாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடும். தையற்கடையின் டியூப் லைட்டை நம்பி எடுத்த படத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இனி வெட்டுக்கு வருகிறேன். எடிட் செய்தது டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பில். ஒவ்வொரு சோதனைக்கும் டைம்லைனை, அதாவது ஷாட்களையும் ஒலியையும் வரிசையாக அடுக்கும் பட்டையை, நகல் எடுத்துக்கொண்டு நகலில்தான் கை வைத்தேன். இந்த வசதி எவ்வளவு பெரியது என்பது, படச்சுருளில் வேலை செய்தவர்களை நினைத்துப் பார்த்தால்தான் விளங்கும். 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம். விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஒரு விநாடிக்கு ஒன்றரை அடி, ஒரு நிமிடத்துக்கு 90 அடி. ஒவ்வொரு முடிவும் கத்தியால் வெட்டி ஒட்டப்பட்ட முடிவு. மனம் மாறினால் வெட்டிய துண்டைத் தேடி எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். எனக்கோ ஒரு நகல் எடுக்க இரண்டு விநாடி போதும். அதனாலேயே, எதற்காக மாற்றுகிறேன் என்று எழுதி வைத்துக்கொள்ளாமல் எந்த நகலையும் தொடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்.

எல்லோரும் தொடங்குவதைப் போல நானும் பேசுபவர் முகத்தைக் காட்டித்தான் தொடங்கினேன். மகள் பேசும்போது மகள், அப்பா கேட்கும்போது அப்பா. வசனம் முழுதும் தெளிவாகக் கேட்டது, கதையும் புரிந்தது, ஆனால் மனத்தில் எதுவும் தங்கவில்லை. பட்டிமன்றத்தில் பேச்சாளர் மாறும்போதெல்லாம் கேமரா மாறுவதைப் போல அது வெறும் தகவலாக இருந்தது. செய்தியைச் சொல்கிறவளின் முகத்தில் நமக்குப் பார்க்க எதுவுமே இல்லை. அவள் முன்பே முடிவெடுத்துவிட்டாள். அந்தச் செய்தி வந்து விழுகிற இடம்தான் காட்சி.

ஆகவே மகளின் முகத்தை முழுவதுமாக எடுத்துவிட்டு, அவள் குரலை மட்டும் அப்பாவின் ஷாட்டின் மேல் ஓடவிட்டேன். ஒரு ஷாட்டின் ஒலி அதன் படம் வருவதற்கு முன்பே கேட்கத் தொடங்கினால் ஜே கட் என்கிறோம். படம் மாறிய பிறகும் பழைய ஒலி தொடர்ந்தால் எல் கட். டைம்லைனில் படமும் ஒலியும் தனித்தனித் தடங்களில் கிடக்கும்போது அந்த எழுத்துகளின் வடிவம் கண்ணுக்குத் தெரிவதால் வந்த பெயர்கள் இவை. எங்கள் காட்சியில் உள்ளறைக் குரல் முன்னறைப் படத்தின் மேல் வந்ததும் வீட்டுக்கே ஓர் ஆழம் கிடைத்தது. சுவருக்கு அப்பால் ஒருத்தி தன் வாழ்க்கையைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது, அவளைக் காட்டாதபோதுதான் உறைத்தது.

ஆனால் அங்கேயே ஒரு முட்டுக்கட்டையும் வந்தது. அந்தப் பேச்சை நாங்கள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பதிவு செய்திருந்தோம். குரலை அரை விநாடி முன்னே தள்ளினால், குரலோடு மெஷின் சத்தமும் நகர்ந்து, படத்தில் கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் மறுபடி அந்த வீட்டுக்குப் போய், மெஷின் ஓடாதபோது வசனத்தைத் தனியாகவும், யாரும் பேசாதபோது மெஷினைத் தனியாகவும் பதிவு செய்தோம். அதோடு யாரும் அசையாமல் நின்று, அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டோம். ரூம் டோன் என்பது இதுதான். மின்விசிறி ஓடும்போது ஒன்று, நிறுத்திவிட்டு இன்னொன்று. படப்பிடிப்பின்போது ஒரு டேக்கில் மின்விசிறி ஓடியிருக்கிறது, அடுத்த டேக்கில் ஓடவில்லை; இரண்டையும் ஒட்டிய இடத்தில் அறையே மாறிவிட்டது போலக் காது திடுக்கிட்டது. மின்விசிறியின் ரூம் டோனைக் காட்சி முழுவதும் அடியில் விரித்ததும் அந்த ஒட்டு மறைந்துவிட்டது. குறும்படம் எடுக்கும் யாரிடமும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்: ஒவ்வோர் இடத்திலும் கிளம்புவதற்கு முன் அந்த ஒரு நிமிடத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து முகத்துக்கு வருகிறேன். கால் நின்ற பிறகு அப்பா நிமிர்ந்து பார்க்க வேண்டும். எதைப் பார்க்கிறார்? சோவியத் இயக்குநர் லெவ் குலஷோவ் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்து பார்த்ததாகச் சொல்லப்படும் சோதனையைச் சினிமா படிக்கும் எல்லோரும் வகுப்பில் கேட்டிருப்போம். ஒரே நடிகரின் சலனமற்ற ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடு சேர்த்தால் பசியாகவும், சவப்பெட்டியோடு சேர்த்தால் துக்கமாகவும் பார்ப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது அதன் சாரம். கேட்டது வேறு, சொந்தக் கையால் செய்து பார்ப்பது வேறு. எங்களிடம் மாமாவின் முகம் ஏழு விநாடி இருந்தது. அது நடிப்பே இல்லை. நாங்கள் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தபோது, கேமரா ஓடுவதை நாங்களும் கவனிக்காமல், அவர் சும்மா வாசற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஏழு விநாடி. அந்த முகத்துக்குப் பிறகு ஒரு வடிவில் பாதி மூடிய பெட்டியை வைத்தேன். ஒன்றில் மேசை மேல் இருந்த கரண்ட் பில்லை. இன்னொன்றில் சுவரில் மாலை போட்ட அம்மாவின் படத்தை. நண்பர்களைப் பிரித்துப் பிரித்து உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு வடிவத்தை மட்டும் காட்டினேன். பில்லைப் பார்த்தவர்கள் அவர் பணத்துக்கு என்ன செய்வது என்று கலங்குகிறார் என்றார்கள். அம்மாவின் படத்தைப் பார்த்தவர்கள், கண்ணில் நீர் தெரிந்தது என்று கூடச் சொன்னார்கள். கண்ணில் நீரே இல்லை.

அம்மா படம் வந்த வடிவம்தான் எல்லோரையும் அசைத்தது. என் குழுவில் இருவருமே அதைத்தான் வைக்கச் சொன்னார்கள். நான் மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். மாலை போட்ட படத்தைக் காட்டியதும் பார்ப்பவருக்கு வேலை முடிந்துவிடுகிறது. மனைவியை இழந்தவர், இப்போது மகளையும் அனுப்புகிறார் என்று ஒரே வரியில் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு அவர் மறுபடி மிதிக்கத் தொடங்கும்போது அந்த அசைவுக்கு அர்த்தமே மிஞ்சவில்லை. பெட்டியை வைத்தால் அவர் மனம் எந்தப் பக்கம் போகிறது என்பது திறந்தே இருக்கிறது. பெட்டியைத்தான் வைத்தேன்.

நான் மிகவும் ஆசைப்பட்டு, பிறகு நானே எடுத்து எறிந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் காட்சி முடிந்ததும் மகள் பேருந்தில் கிளம்புகிறாள். தையல் மெஷினின் சக்கரம் சுழல்வதிலிருந்து பேருந்தின் சக்கரம் சுழல்வதற்கு வெட்டினால் அழகான மேட்ச் கட், அதாவது ஒத்த வடிவத்திலிருந்து ஒத்த வடிவத்துக்குத் தாவும் வெட்டு, கிடைக்கும் என்று, வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஐந்து மணியிலிருந்து காத்திருந்து அந்த ஷாட்டை எடுத்தோம். டைம்லைனில் ஒட்டிப் பார்த்தால் கண் இடறியது. காரணம் தெரிய ஒரு மணி நேரம் ஆயிற்று: மெஷினின் சக்கரம் தைப்பவரை நோக்கி, அதாவது எங்கள் ஷாட்டில் இடப்பக்கமாகச் சுழல்கிறது, பேருந்து வலப்பக்கம் போனது, ஆகவே அதன் சக்கரம் எதிர்த் திசையில் சுழன்றது. படத்தை இடவலமாகத் திருப்பினேன். சக்கரம் பொருந்திவிட்டது, ஆனால் பேருந்தின் பக்கவாட்டில் இருந்த எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் மாறிவிட்டன. பெரிதாக்கி எழுத்தை வெளியே தள்ளியதும் எல்லாம் சரியாயிற்று. அதன் பிறகுதான் உண்மை தெரிந்தது: பார்த்த எல்லோரும் அந்த வெட்டைப் பாராட்டினார்கள், அப்பாவைப் பற்றி யாருமே பேசவில்லை. இப்போது அந்த இடத்தில் மெஷின் சத்தம் மட்டும் ஒன்றரை விநாடி பேருந்து நிலையத்தின் மேல் தொடர்கிறது, பிறகு இன்ஜின் சத்தத்தில் கரைகிறது. சக்கரம் எதுவும் இல்லை.

கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் பொருள்கள் மாறாமல் இருக்கும் தொடர்ச்சி, பற்றியும் ஒரு வார்த்தை. மாமா மிக நன்றாகச் செய்த டேக்கில் அவர் கழுத்தில் இஞ்ச் டேப் இல்லை. அதற்கு முந்தைய ஷாட்களில் எல்லாம் இருக்கிறது. அமெரிக்கப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், ஒரு வெட்டை எடை போட ஆறு அளவுகோல்கள் வைத்து, உணர்ச்சிக்கு 51 சதவீதமும், இடத்தின் தொடர்ச்சிக்குக் கடைசியாக 4 சதவீதமும் கொடுத்திருக்கிறார். அதைத் துணிவாகப் பிடித்துக்கொண்டு டேப் இல்லாத டேக்கையே எடுத்தேன். முந்தைய ஷாட்டிலிருந்து நேராக அங்கே போகாமல், நடுவில் மிதியில் இருக்கும் காலின் குளோசப்பை வைத்தேன். திரையிட்டுக் காட்டியவர்களில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை, மாமாவைத் தவிர. “டேப்பு இல்லாம எப்பிடித் தம்பி தைச்சேன் நான்?” என்று கேட்டார். அவர் தொழிலில் அது கவனிக்காமல் விடக்கூடிய விஷயமில்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், டேக்கை மாற்றவில்லை.

இப்போது இந்தக் காட்சியில் மிஞ்சியிருக்கும் கேள்வி ஒன்றுதான்: கால் எந்த ஃப்ரேமில் நிற்பது? “நாளன்னைக்கே கெளம்பணும்பா” என்ற வரியில், “பா” முடிந்த பிறகு கால் நின்றால் அவர் செய்தியைக் கேட்டு அதிர்ந்தவராகத் தெரிகிறார். “கெளம்பணும்” என்ற சொல் தொடங்கும்போதே, அதாவது வரி முடிவதற்கு 16 ஃப்ரேம் முன்பே நின்றால், அவர் இதைப் பல நாட்களாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தவராகத் தெரிகிறார். 25 ஃப்ரேம் கணக்கில் இது 640 மில்லிவிநாடி. அதற்குள் இரண்டு வேறு அப்பாக்கள் இருக்கிறார்கள். கதையாக எழுதியபோது எங்களிடம் இருந்தது முதல் அப்பா. எடிட்டிங்கில் எனக்குக் கிடைத்தது இரண்டாமவர். மகளுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருந்து, அவள் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தவர். அப்படிப் பார்த்தால், அவர் இரவோடு இரவாக ஏன் அந்தச் சுடிதாரைத் தைக்கிறார் என்பதற்கும் விடை கிடைக்கிறது.

மிதி நின்ற பிறகு வரும் மௌனத்தை முதலில் இரண்டு விநாடி வைத்திருந்தேன், பயந்துபோய். இப்போது ஐந்து விநாடியும் சில ஃப்ரேம்களும் இருக்கிறது. அதில் மின்விசிறியும் உள்ளறையில் பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தமும் மட்டும் கேட்கும்.

இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் போடுகிறேன். முடிந்தால் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, படத்தை விடக் காலின் சத்தத்தைக் கவனித்துப் பாருங்கள். முதலில் வருவது கால் தாமதமாக நிற்கும் வடிவம்.