ஒரு கதவும் ஒரு பூட்டும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

வருகிற ஜூலை விடுமுறைக்கு எங்கள் சபை வாலிபர்கள் ஒரு மிஷன் பயணம் போக ஆசைப்படுகிறார்கள். ஏழைக் குடும்பங்களுக்குச் சமைத்துப் போட வேண்டும், இரண்டு வீடாவது கட்டிக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று திட்டம். மலாவிக்கா மொசாம்பிக்குக்கா என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், கட்டட வேலை தெரிந்தவன் என்பதால் என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். பக்கத்தில் கறுப்பு மக்கள் குடியிருக்கும் பம்பாயிக்குப் போங்கள் என்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நம் இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸிலிருந்து பம்பாயி வண்டியில் பத்து நிமிஷம். அதற்குப் போய் மிஷன் பயணம் என்று பேர் வைப்பார்களா என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பத்து நிமிஷத் தூரத்தைக் கடக்க எனக்கு அரை ஆயுசு பிடித்தது. அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

நான் பிறந்தது டர்பனில், உம்கேனி ஆற்றங்கரையில், ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த டின் டவுனில். பேருக்கு ஏற்ற ஊர்தான். தகரச் சுவர், தகரக் கூரை, மழை பெய்தால் உள்ளே பேசுவது கேட்காது. 1976 மார்ச்சில் ஆறு ஏறி வந்தபோது எனக்கு எட்டு வயது. தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தோம். வீடு இருந்த இடத்தில் முழங்கால் சேறு. அப்புறம் கொஞ்ச காலம் கூடார வாழ்க்கை, அப்புறம் பீனிக்ஸ். அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த அந்த ஊரில் முதலில் குடியேறியவர்கள் வெள்ளத்தில் வீடிழந்த எங்களைப் போன்றவர்களே.

அந்தக் கூடார நாட்களில் இரண்டு சம்பவங்கள் எனக்கு மறக்கவில்லை. ஒரு நாள் சாப்பாடு கொடுக்க ஒரு கூட்டம் வந்தது. யார் என்று சொல்ல மாட்டேன், நல்ல மனதோடுதான் வந்திருப்பார்கள். பசியோடு நின்ற எங்களை முதலில் வரிசையில் உட்காரவைத்து நீளமாகப் பேசினார்கள். பிறகு தட்டை நீட்டும்போது ஒருவர் படம் எடுத்தார். என் அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

இன்னொரு நாள் ஒரு வயதான அம்மாள் தனியாக வந்தார். கையில் எதுவும் கொண்டுவரவில்லை. கூடார வாசலில் குந்தி உட்கார்ந்து, "என்னடியம்மா போச்சு உனக்கு?" என்று கேட்டார். பாய், பாத்திரம், துணி என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில், "என் அம்மிக்கல் போச்சு அக்கா" என்று சொல்லி அழுதுவிட்டார். இரண்டு நாள் கழித்து அந்த அம்மாள் ஒரு பையனிடம் அம்மிக்கல்லைச் சுமக்கக் கொடுத்துக் கூட்டி வந்தார். அன்று சாயங்காலம் கூடாரத்துக்கு வெளியே அம்மா மிளகாயும் சீரகமும் வைத்து அரைத்த மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. போன வீடு அந்த மணத்தோடுதான் எங்களுக்குத் திரும்பி வந்தது.

ஆற்றைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. இதே உம்கேனி 1917 அக்டோபரிலும் பெருகி, கரையில் தோட்டம் போட்டிருந்த நம் சனங்களை அடித்துக்கொண்டு போனது. அப்போது மாரிமுத்து படவத்தான் என்ற மீனவரும் அவருடைய ஆட்களுமாக ஆறு பேர், துடுப்புப் படகில் திரும்பத் திரும்ப அந்த வெள்ளத்துக்குள் போய் 176 பேரைக் கரைசேர்த்தார்கள். அவர் பெயரிலேயே படவு இருக்கிறது பாருங்கள். எங்கள் தாத்தா இந்தக் கதையைச் சொல்லும்போது, "படவு வந்தப்போ யாரும் ஜாதி கேக்கலே, சாமி கேக்கலே" என்பார். படகில் ஏறியவர்களின் பேரன் பேத்திகள் இன்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இப்போது 2022-க்கு வருகிறேன். ஏப்ரல் 11, திங்கட்கிழமை, பரிசுத்த வாரத்தின் தொடக்கம். அன்று பிடித்த மழை சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டரைத் தாண்டியது. எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வீடிழந்தவர்கள் பல்லாயிரம். டொங்காட்டில் குடிநீர் நிலையமே அடித்துக்கொண்டு போய், அந்த ஊர் மாதக்கணக்கில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நின்றது. வியாழக்கிழமை, 14-ஆம் தேதி, நம் புத்தாண்டு. சபைக்கு அது பெரிய வியாழன், ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவிய நாள். எங்கள் போதகர் அன்று மாலை ஆராதனையை நிறுத்திவிட்டுச் சமையலறையைத் திறந்தார்.

எங்களிடம் இருந்த பாத்திரம் போதவில்லை. பக்கத்து மாரியம்மன் கோயிலில் கேட்டோம். மூன்று பெரிய டெக்சிகளை அவர்களே வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள், கூடவே இரண்டு அண்ணன்மாரும் வந்தார்கள், கரண்டி பிடிக்க. ஒரு டெக்சிக்கு 25 கிலோ அரிசி, 250 தட்டு வரும். பருப்புப் பிரியாணி. மிளகாயைப் பாதியாகக் குறைத்தோம், குழந்தைகள் சாப்பிட வேண்டுமே.

ஆனால் பம்பாயிக்குள் நுழையும் இடத்தில் எங்கள் வண்டியை இளைஞர்கள் நிறுத்தினார்கள். "பீனிக்ஸிலிருந்தா வருகிறீர்கள்?" என்று ஒருவன் கேட்டான்.

ஏன் கேட்டான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒன்பது மாதம் முன்னால், 2021 ஜூலைக் கலவரத்தில், பீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பு மக்கள். அந்தச் சாவுகளில் பல, நம் ஆட்கள் எங்கள் தெருக்களில் போட்ட தடுப்புகளில் நடந்தன. நம்மில் பலரும் பயந்துபோயிருந்தோம், அது உண்மை. அவர்கள் வீட்டில் சாவு விழுந்தது, அதுவும் உண்மை. இதே பம்பாயியில்தான் காந்தி 1904-இல் பீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கினார், 1985 கலவரத்தில் அது எரிந்தது. அந்த மண்ணில் எரிந்ததும் அதிகம், பேசாமல் விட்டதும் அதிகம்.

"ஆமாம், பீனிக்ஸிலிருந்துதான்" என்று சொல்லிவிட்டுப் போதகர் வண்டியிலிருந்து இறங்கி நின்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் உள்ளிருந்து சூலு இனத்துப் போதகர் ஒருவர் வந்தார், உம்ஃபுண்டிசி என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். டெக்சியின் மூடியைத் திறந்து பார்த்தார். எங்களிடம் இரண்டு நிபந்தனை சொன்னார். பரிமாறுவது அவர் சபைப் பெண்கள், யார் வீட்டுக்கு முதலில் என்று சொல்வதும் அவர்களே. நாங்கள் கரண்டியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றோம். எனக்கு அது லேசாக இருக்கவில்லை. சமைத்துக் கொண்டு வந்தவனுக்குத் தன் கையால் கொடுக்க வேண்டும் என்று இருக்கும். ஆனால் எந்தச் சரிவில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார், எந்த வீட்டில் பெரியவர்கள் இல்லாமல் பிள்ளைகள் மட்டும் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும்.

மறுநாள் பெரிய வெள்ளி. நாங்கள் உலர் பொருள் மூட்டைகளைக் கொண்டுபோனோம்: மீலிமாவு என்கிற மக்காச்சோள மாவு, பீன்ஸ், எண்ணெய், டின் மீன், சர்க்கரை, தேயிலை. அந்தப் பெண்களில் ஒருத்தி மூட்டையைப் பார்த்துவிட்டு, "இதை எதில் வேகவைப்பது?" என்று கேட்டாள். அடுப்பு போய்விட்டது, பானை போய்விட்டது, மண்ணெண்ணெய் இல்லை, நல்ல தண்ணீர் இல்லை. வெள்ளம் வந்த முதல் பத்து நாள் சமைத்த சாப்பாடுதான் கொடுக்க வேண்டும். உலர் மூட்டை அடுப்பு வந்தபிறகு, அதுவும் ஒரு பானையோடு சேர்த்து. பெண்களுக்கு மாதவிலக்குத் துணி, கைக்குழந்தைக்குப் பால் மாவு, வயதானவர்களுக்குச் சர்க்கரை வியாதி மாத்திரை, இவையெல்லாம் எங்கள் பட்டியலில் இல்லவே இல்லை. பட்டியல் எழுதிய குழுவில் பெண் ஒருத்திகூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. 37 வருஷமாகக் கறுப்புத் தொழிலாளிகளோடு வேலை செய்தவன் நான். சூலு மொழி தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது கொண்டு வா, தூக்கு, கலக்கு, சீக்கிரம், நாளைக்கு வா. சுரங்கத்திலும் கட்டட வேலையிலும் புழங்கும் ஃபனகாலோ என்ற கலப்பு மொழி பாதி, சூலு பாதி. முழுக்க ஏவல் சொற்கள். இடிந்த வீட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியிடம், என் அம்மாவிடம் அந்த அம்மாள் கேட்டாரே, அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று நின்றேன். வாயில் வார்த்தை வரவில்லை. உம்ஃபுண்டிசியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "உடிங்கானி?" உங்களுக்கு என்ன வேண்டும்? எத்தனையோ பேரிடம் எத்தனையோ வருஷம் வேலை வாங்கியிருக்கிறேன், இந்த ஒரு சொல் தேவைப்படாமலே காலம் போயிருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

கேட்டேன். பாட்டியை அவர்கள் கோகோ என்பார்கள். அந்தக் கோகோ கம்பளி கேட்கவில்லை, சாப்பாடு கேட்கவில்லை. ஒரு கதவு வேண்டும், அதற்குப் பூட்டு வேண்டும் என்றார். அடையாளப் புத்தகம், மாத்திரை, மாதாந்தர உதவிப் பணம், கூட இருக்கும் இரண்டு பேத்திகள். இதையெல்லாம் தார்ப்பாய்த் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு அவர் எப்படித் தூங்குவார்? என்னிடம் பழைய கதவு ஒன்று இருந்தது. மறுநாளே கொண்டுபோனேன். ஆனால் கதவை மாட்ட நிலை வேண்டும், நிலைக்குச் சுவர் வேண்டும், சுவருக்கு நழுவாத மண் வேண்டும். அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன், இந்த நாலாவது வருஷம் வரைக்கும்.

வீடு கட்டப் போகும் வாலிபர்களுக்கு இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். டர்பனைச் சுற்றியுள்ள குன்றுகளில் பல இடங்களில் 'பெரியா' (Berea) என்று சொல்லும் செம்மணல் கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது மண்வெட்டி துள்ளும் அளவுக்குக் கெட்டி. தண்ணீர் ஊறினால் சர்க்கரை மாதிரி உதிர்ந்துவிடும். சரிவில் படிக்கட்டு மாதிரி வெட்டி, வெட்டிய மண்ணையே முன்பக்கம் தள்ளி, அதன்மேல் கூரை போட்டுக்கொள்கிறார்கள், வேறு இடம் கிடையாது அவர்களுக்கு. மழை பெய்தால் முன்பக்கம் போட்ட மண் வீட்டோடு கீழே போகிறது, பின்பக்கம் வெட்டிய மண் வீட்டுக்குள் வருகிறது. அதே இடத்தில் புதுத் தகரம் அடித்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினால் அடுத்த மழைக்கு அதுவும் போகும்.

அதனால் முதல் வேலை வீட்டுக்கு மேலே, சரிவுக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால். வருகிற தண்ணீரை அது பக்கவாட்டில் திருப்பிவிடும். இரண்டாவது, பின்பக்கம் தடுப்புச் சுவர். பழைய டயர்களை வரிசையாக வைத்து, மண்ணைக் கொட்டி இடித்து நிரப்பி, செங்கல் மாதிரி மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் சரிவின் பக்கமாகச் சற்றுச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். பின்னால் ஜல்லி, ஜல்லிக்குள் துளையிட்ட குழாய். தண்ணீருக்கு வெளியே போக வழி விடாவிட்டால் எந்தச் சுவரும் நிற்காது. இடுப்பளவு உயரம் வரை இதைச் செய்யலாம், அதற்கு மேல் பொறியாளர் வந்து பார்க்காமல் கை வைக்கக் கூடாது. கூரைத் தகட்டில் திருகாணி நெளிவின் மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் இறங்கினால் ஒழுகும். ஓடைக்கரையில் இருக்கிற குடும்பத்துக்கு அங்கேயே கட்டிக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு மாற்று இடம் கேட்டு நகராட்சி வாசலில் கூட நின்று மனுக் கொடுங்கள். அதுவும் ஊழியம்தான், படம் எடுக்க அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

கோகோ வீட்டுச் சுவருக்கு ஆறு சனிக்கிழமை பிடித்தது. வேலை செய்தவர்களில் பாதிப் பேர் அன்று வண்டியை நிறுத்திய இளைஞர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவன் இன்று என்னைவிட நேராக டயர் அடுக்குகிறான். 2021-இல் அவன் யாரை இழந்தான் என்று ஒரு நாள் மத்தியான ரொட்டி தின்னும்போது அவனாகவே சொன்னான். அதை நான் வானொலியில் சொல்ல மாட்டேன், அது அவனுடையது. கேட்டுக்கொண்டேன். பதில் சொல்லத் தெரியவில்லை, அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

போன கோடையில் ஒரு ராத்திரி பெரிய மழை. எனக்குத் தூக்கமில்லை. விடிகாலையில் போன் அடித்தது. கோகோ. என் கைகால் நடுங்கிற்று. அவர் கத்திப் பேசினார், மழைச் சத்தத்தில் பாதிதான் புரிந்தது: பின்னால் இருக்கிற குழாயிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது, உள்ளே தரை காய்ந்திருக்கிறது, பேத்திகள் தூங்குகிறார்கள். கதவைப் பூட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன். பூட்டியிருக்கிறேன், நீ தூங்கு என்றார்.

வாலிபர்கள் பம்பாயிக்கே வரச் சம்மதித்துவிட்டார்கள். கோகோவின் சரிவிலேயே இன்னும் மூன்று வீடுகளுக்குச் சுவர் எழுப்ப வேண்டும், ஜூலை இங்கே மழை குறைந்த காலம், மண் வேலைக்கு ஏற்றது. வீட்டுக்கு 60, 70 டயர் ஆகும். உங்கள் கொல்லையில் பழைய கார் டயர் கிடந்தால் எடுத்து வையுங்கள், கிழிந்திருந்தாலும் சரி, ஒரே அளவாக இருந்தால் நல்லது. எங்கே கொண்டுவந்து போடுவது என்று இந்த நிலையத்தில் விசாரித்தால் சொல்வார்கள். பழைய துணி இப்போது வேண்டாம். பூட்டுகள் வேண்டும், சாவியோடு.

வணக்கம்.