நாலு டன் சுவரும் ஒரு சின்னத் தட்டும்

[திரை: கிரேனில் தொங்கும் கான்கிரீட் சுவர்]

நாலு டன் சுவர் தலைக்கு மேல் தொங்குகிறது. அதில் ஒரு கொக்கி மாட்டப்படவே இல்லை. இதை முன்பே கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம், பொருள் எடுத்து வைக்கும் ஒரு தட்டு போதும். எப்படி? கூடவே வாருங்கள்.

வணக்கம், பினாங்கிலிருந்து பேசுகிறேன். ஐபிஎஸ் (IBS) என்கிற தொழில்மயக் கட்டுமான முறை தெரியும்தானே? சுவரையும் உத்திரத்தையும் ஆலையில் வார்த்து, லோரியில் கொண்டுவந்து சைட்டில் பூட்டுவது. சாரத்தில் ஏறும் வேலை குறையும், பாரம் தூக்கும் வேலை கூடும். 2023 நவம்பரில் இங்கே பினாங்கின் 'பத்து மாவுங்' பகுதியில் கட்டிக்கொண்டிருந்த கிடங்கில் உத்திரங்கள் சரிந்து வங்காளதேசத் தொழிலாளர்கள் இறந்தார்கள். நம் ஊரில் நடந்தது அது.

இப்படிப்பட்ட ஆபத்தைக் குறைக்க 'லீன்' கைகொடுக்கும். லீன் என்பது டொயோட்டா கார் ஆலையில் பொறியாளர் தாய்ச்சி ஓனோ வளர்த்த வேலை முறை. வீண் வேலையை ஒழிப்பது. சரி, தட்டுக்கு வருவோம்.

[திரை: சுவிட்ச், இரண்டு ஸ்பிரிங்]

1961. ஜப்பானில் ஓர் ஆலை. சின்ன சுவிட்ச், அதற்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். சில சமயம் ஒன்று விட்டுப்போகும். 'கவனம், கவனம்' என்று சொல்லிப் பார்த்தும் பலனில்லை. ஷிகெயோ ஷிங்கோ என்ற பொறியாளர் ஒரு வழி சொன்னார்: முதலில் இரண்டையும் ஒரு தட்டில் எடுத்து வையுங்கள், பிறகு பூட்டுங்கள். தட்டில் ஒன்று மிஞ்சினால் உடனே தெரிந்துவிடும். எவ்வளவு அழகு பாருங்கள்!

இந்த மாதிரி ஏற்பாட்டுக்கு முதலில் 'பாகா-யோகே' என்று பெயர். பாகா என்றால் முட்டாள், யோகே என்றால் தவிர்ப்பது. 1963இல் வேறோர் ஆலையில் ஒரு பெண் தொழிலாளி, "நான் என்ன முட்டாளா?" என்று அழுதுவிட்டார். ஷிங்கோ பெயரையே 'போகா-யோகே' என்று மாற்றினார். போகா என்றால் கைத்தவறு. எனக்கு லீனில் பிடித்ததே இந்த மரியாதைதான். வெயிலில் பத்து மணி நேரம் நிற்பவருக்குக் கை தவறத்தான் செய்யும், திட்டினால் அது நிற்காது.

சுவர்களை வார்த்து அடுக்கும் நம் யார்டில்? ஒரு கான்கிரீட் சுவர்ப் பலகைக்கு நாலு கொக்கி என்றால், அவற்றை முதலில் எடுத்து வைக்க நாலு குழியுள்ள தட்டு. ஒன்று மிஞ்சியிருந்தால் கிரேனுக்குச் சைகை காட்டக் கூடாது.

அப்புறம், வீண் வேலை. பலகையை வார்த்த அச்சிலிருந்து கிரேனில் ஒரு தூக்கு, லோரிக்கு ஒரு தூக்கு. நடுவில் இன்னொன்று எதற்கு? வேண்டிய பலகை மற்றதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டதால். பூட்டும் வரிசைப்படி அடுக்கியிருந்தால் அந்தத் தூக்கே இல்லை, அதில் வரும் ஆபத்தும் இல்லை.

யார்டில் வேலை செய்யும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்கள் இடத்தில் ஒரு பலகையை எத்தனை தடவை தூக்குகிறீர்கள்? நாளைக்கு எண்ணிப் பார்த்து கமெண்டில் எழுதுங்கள்.